கழற்ற மறந்த அக்கா

எங்கள் குழுவில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. தாமதமாக வரலாம், அடுத்தவர் பேசும்போது அழலாம், வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகலாம், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். ஆனால் இன்னொருவருக்காக ஒரு வேடம் போட்டுக்கொண்டால், அதைக் கழற்றாமல் படியிறங்கக் கூடாது. தோள், கை, இடுப்பு, கால் என்று ஈரத் துணியை உரிப்பது போல மேலிருந்து கீழே உரித்து உதறி, "நான் உன் அம்மா இல்லை, நான் நேலிதா" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேடத்தைக் கொடுத்தவரும் நம் கண்ணைப் பார்த்து, "ஆமாம், நீ நேலிதாதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் கோட்டு, பை, பேருந்து எல்லாம்.

முதலில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. வயது போன மனிதர்கள் நின்றுகொண்டு இல்லாத தூசியைத் தட்டுகிறார்கள். மறந்துபோய் யாருடைய வேடத்தையாவது வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன, கடித்தா வைத்துவிடும் என்று கேட்டேன். குழுவை நடத்தும் பெர்லா சிரிக்கவில்லை. "கடிக்கும்," என்றாள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது என் கால்களால். கணவர் இறந்த பிறகு அவை தரிக்கவே மாட்டேன் என்றன. உட்கார்ந்தால் ஆடும், படுத்தால் ஓடும். தேவாலயத்தில் நான் உட்கார்ந்த பெஞ்சு முழுவதும் அதிரும்; முன்வரிசைக்காரி திரும்பி முறைப்பாள். ரத்தம், நரம்பு, எலும்பு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மருத்துவர், "உங்க உடம்பு ஏதோ சொல்லப் பாக்குது அம்மா" என்றார். சொல்வதென்றால் வாயால் சொல்ல வேண்டியதுதானே, அதற்கென்று ஓர் உறுப்பு இருக்கிறதல்லவா என்றேன். அவர் ஒரு துண்டுத் தாளில் பெர்லாவின் எண்ணை எழுதிக் கொடுத்தார். புவனோஸ் ஐரிஸில் பல் வலிக்குப் போனாலும் கடைசியில் ஒரு மனநல ஆலோசகரின் எண்ணோடுதான் வெளியே வருவோம்.

பேட்டை விளையாட்டுக் கழகத்தின் மாடியறையில் குழு கூடும். கீழே சிற்றுண்டிச் சாலை, மிலனேசா இறைச்சி பொரியும் வாசனை, சக்கரச் செருப்பில் உருளும் சிறுமிகளின் கூச்சல். மேலே நாங்கள் வெறுங்காலுடன் தரையில் புரள்வோம். கண்ணை மூடிக்கொண்டு நடப்போம். பயம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று வண்ணக் கட்டியால் வரைவோம். ஒருமுறை நான் இரண்டு கால்களை மட்டும் வரைந்து நிறுத்திவிட்டேன்.

"தலை எங்க நேலி?" என்றாள் யானினா. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் பெண், வாய் ஓயாது.

"வீட்டுல விட்டுட்டு வந்தேன். உனக்கு எதுக்கு, நீ பல்லைத்தானே பாப்ப."

அந்தக் குளிர்காலத்தில் என் கால்கள் ஏன் அவ்வளவு பேயாட்டம் ஆடின என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். என் மகன் ஃபபியான் அல்மாக்ரோ பேட்டையில் இருக்கும் என் வீட்டை விற்கச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டாம் மாடியில் ஒரு படுக்கையறை, ஒரு பால்கனி, எதிரே ஒரு பெரிய மரம். நான் கல்யாணமாகி வந்த வீடு அது. விற்ற பணத்தில் அவனும் அவன் நண்பனும் புறநகரான இத்துசைங்கோவில் பேடல் மைதானம் கட்டப்போகிறார்கள். கண்ணாடிச் சுவருக்குள் நின்று பந்தடிப்பார்களே, இப்போது ஊரெல்லாம் அந்தப் பைத்தியம்தான். நான் அவன் வீட்டுத் தோட்டத்தின் கோடியில், இறைச்சி சுடும் அடுப்பை ஒட்டியிருக்கும் அறைக்குப் போய்விட வேண்டும். "உனக்காகவேதான்மா கட்டினேன்" என்கிறான். அது புல்வெட்டும் இயந்திரத்துக்காகக் கட்டிய அறை. அதன் எண்ணெய்க் கறை இன்னும் தரையில் இருக்கிறது.

எனக்கு அந்த வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. ஆனால் ஃபபியான் கேட்டு நான் இல்லையென்று சொன்னதாக என் வாழ்க்கையில் ஒரு நாள்கூட இல்லை. ஒரே பிள்ளை. அவன் கேட்டால் என் வாய் தானாகவே "பார்க்கலாம்ப்பா" என்றுவிடும். அந்தப் "பார்க்கலாம்ப்பா"வுக்குச் "சரி" என்று அர்த்தம் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அப்படிச் சொல்லிச் சொல்லியே பத்திர அலுவலகத்தில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு நேரம் குறிக்கும் வரை கொண்டுவந்து விட்டிருந்தேன்.

அதற்கு முந்தின வாரத்து வியாழக்கிழமையில்தான் அந்தத் தவறு நடந்தது.

அன்று தேசியக் கால்பந்து அணி விளையாடியது. தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டிய ஆட்டம். தெருவில் ஈ காக்கை இல்லை. குழுவை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கலாமே என்று எல்லோரும் கெஞ்சினோம். பெர்லா மசியவில்லை. "குழுவோட நேரம் குழுவோட நேரம்தான். பந்தைப் பத்தி எனக்கு அக்கறை கிடையாது," என்றாள். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வந்தவர்களுக்கும் காது கீழே இருந்தது.

எவரிஸ்தோ தன் அக்காவோடு நடந்ததைக் குழுவில் நடித்துப் பார்க்க வேண்டும் என்றார். அவர் இறைச்சிக் கடைக்காரர். கதவை அடைக்கிற மாதிரி உடம்பு, ஆனால் தொட்டால் அழுதுவிடுவார். பேபா என்று செல்லப் பெயர் கொண்ட அந்த அக்காதான் அவரை வளர்த்தவள். ஜனவரிக் கோடையில் ஒருநாள் அவர் பார்க்கப் போனபோது அவள் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டாளாம். கோபித்துக்கொண்டு வந்த மனிதர் அதற்குப் பிறகு போகவில்லை. மார்ச் மாதம் அவள் இறந்துவிட்டாள்.

"யார் பேபாவா நிக்கறது?" என்றாள் பெர்லா. எவரிஸ்தோ சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார்.

எங்கள் முறைப்படி, வேடம் கொடுப்பவர் நம் உடம்பைக் களிமண் போலப் பிசைந்து நிறுத்துவார். எவரிஸ்தோ என் பாதங்களை அகட்டி வைத்தார். குதிகாலை அழுத்தச் சொன்னார். இடக்கையைத் தூக்கி, இல்லாத நிலைக்கதவின் மேல் ஊன்றினார். தாடையை ஒரு விரலால் உயர்த்தினார். "அவ எல்லார்கிட்டயும் ஒரே வார்த்தைதான் சொல்லுவா. கேஸ்காரன், பாதிரியார், நான், எல்லாருக்கும் அதேதான். 'அங்கேயே நின்னு சொல்லு.'"

"அங்கேயே நின்னு சொல்லு," என்றேன்.

"குரல் இன்னும் அடியில இருந்து வரணும்."

மறுபடியும் சொன்னேன். சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தேன். என் கால்கள் ஆடவில்லை. இரண்டு வருடமாக ஒரு நிமிடம் நிற்காத கால்கள், யாரோ ஒரு பேபாவின் காலாக ஆனதும் தரையில் அப்படியே ஊன்றி நின்றன.

எவரிஸ்தோ வாசலுக்கு வெளியே வந்து நின்று, "அக்கா" என்று வாயெடுத்தார். அந்த நேரத்தில் கட்டடமே குலுங்கியது. கீழே கோல் விழுந்த அலறல். பந்தைப் பற்றி அக்கறை இல்லாத பெர்லாதான் முதலில் ஓடினாள், வெறுங்காலுடன். அவள் பின்னால் நாங்களும் ஓடினோம். ஆட்டம் சமனாகி, நேரம் நீட்டி, பெனால்டி வரை போனது. கடைசிப் பந்து உள்ளே போனதும் சிற்றுண்டிச் சாலையில் மேசைகள் கவிழ்ந்தன. எவரிஸ்தோ என்னைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்றி, அழுதுகொண்டே, "ஜெயிச்சுட்டோம் பேபா, ஜெயிச்சுட்டோம்" என்றார். தெருவெல்லாம் ஹாரன், கொடி, பாட்டு. மாடிக்குப் போய்ச் செருப்பை எடுத்து வந்தோமே தவிர, வேறு எதையும் நினைக்கவில்லை. அப்படியே வீட்டுக்குப் போய்விட்டோம்.

அன்றிரவு நான் கட்டைபோலத் தூங்கினேன். காலையில் எழுந்ததும்தான் பொறி தட்டியது. நான் பேபாவைக் கழற்றவில்லை.

பெர்லாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். தொலைபேசியைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். மாத்தே தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். கால் ஆடவில்லை. இது போதாதா என்று தோன்றியது. யாருடைய காலாக இருந்தால் என்ன.

ஞாயிற்றுக்கிழமை ஃபபியான் வந்தான். மின்தூக்கிச் சத்தம் கேட்டதுமே நான் கதவைத் திறந்து நிலையில் கையை ஊன்றிவிட்டேன். அவன் கையில் வெண்ணெய்ப் பிறை ரொட்டிப் பொட்டலம்; கக்கத்தில் வீட்டுச் சாமான்களை அளக்கிற நாடா. என் அலமாரி அந்தப் பின்னறைக்குள் நுழையுமா என்று அளக்க வந்திருந்தான்.

"என்னம்மா, வழிய விடு."

"அங்கேயே நின்னு சொல்லு."

"என்னத்த சொல்றது? அலமாரிய அளக்கணும்."

"அலமாரி எங்கேயும் வரல. அதுக்கு இங்கேயே வசதியா இருக்கு."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "உடம்பு கிடம்பு சரியில்லையா? காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொடக் கையை நீட்டினான். நான் அசையவில்லை. ரொட்டியையும் என்னிடம் கொடுக்க மறந்து, படியிறங்கிப் போனான். கதவைச் சாத்திவிட்டு நான் கூடத்தில் நின்று தனியாகச் சிரித்தேன். பிறகு என்னவோ போல இருந்தது. அந்த ரொட்டியை அவன் வழியிலேயே தின்றிருப்பானா, இல்லை, அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பானா என்று நாளெல்லாம் அதே நினைப்பு.

பேபாவோ ஃபபியானோடு நிற்கிறவளாக இல்லை. கட்டடக் காவலாளி தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேச வந்தார். அவரையும் அங்கேயே நின்று சொல்லச் சொன்னாள். மேல்வீட்டு அம்மாள் ஒரு கிண்ணம் சர்க்கரை கேட்டு வந்தாள். பாவம், வெறுங்கிண்ணத்தோடு திரும்பினாள். என் வாய் சொல்கிறது, என் கை நிலையைப் பிடிக்கிறது, நான் உள்ளேயிருந்து வேடிக்கை பார்க்கிறேன். இரவல் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவள் மாதிரி எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால் அடங்கிவிட்டது, மனம் ஓட ஆரம்பித்துவிட்டது. வியாழக்கிழமை போனால் பேபாவைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றினால் மறுநாள் வெள்ளிக்கிழமை. பேனாவைக் கையில் கொடுத்தால் "பார்க்கலாம்ப்பா" என்றபடியே நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன், அது சூரியன் உதிக்கிற மாதிரி நிச்சயம். அதனால் இந்த வியாழக்கிழமை குழுவுக்கு மட்டம் போடுவது என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை மாலை மணி அடித்தது. கதவைத் திறந்தால் எவரிஸ்தோ. கையில் தாளில் சுருட்டி நூல் கட்டிய இறைச்சிப் பொட்டலம். சவரம் செய்யாத முகம், கண் உள்ளே போயிருந்தது.

"அங்கேயே நின்னு சொல்லுங்க," என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

அந்த மனிதர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குலுங்கினார். "இதேதான் நேலிதா. கடைசியா அவ சொன்னது இதேதான். ஆனா உங்க குரல்ல கேக்குது. வியாழக்கெழமையிலேர்ந்து பேபாவோட குரல் எனக்கு ஞாபகம் வரல. எப்ப நெனச்சாலும் உங்க குரல்தான் வருது. அவ மூஞ்சியக்கூட உங்க மூஞ்சி மறைக்குது. என் அக்காவ நீங்க வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டீங்க."

"நான் வேணும்னு எடுத்துட்டு வரல."

"தெரியும். கோல் விழுந்துச்சு." மூக்கை உறிஞ்சினார். "நாளைக்கு வருவீங்கதானே?"

"பார்க்கலாம்" என்றேன். அவரும் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டார். பொட்டலத்தை வாசல் மிதியடி மேல் வைத்துவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் போனார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேல் இல்லை. வேறு யாராவது ஒரு பயந்தாங்கொள்ளி அக்காவைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே தூக்கியெறிந்திருப்பேனே, எனக்கு வேண்டியதாகப் பார்த்துக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்கிறார்களே என்று ஆத்திரம். ஆனாலும் ஒரு மனிதரின் செத்துப்போன அக்காவை வைத்துக்கொண்டு நான் எப்படி நிம்மதியாக இருக்க முடியும்.

வியாழக்கிழமை போனேன்.

பெர்லா எங்களைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. "தப்பு என்னோடது. இத்தனை வருஷத்துல இப்படிப் பண்ணினதில்ல," என்றாள்.

"நீங்க மேசை மேல ஏறி ஆடினீங்க," என்றாள் யானினா.

"ஆடினேன்." பெர்லாவின் காது சிவந்தது. "கழட்டறதுக்கு முன்னாடி அன்னைக்குப் பாதியில விட்டத முடிக்கணும். நேலிதா, இடத்துக்கு வாங்க."

நான் பாதங்களை அகட்டி, கையை ஊன்றினேன். எவரிஸ்தோ எதிரே வந்து நின்றார். நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பெர்லா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். "இடம் மாத்துங்க," என்றாள்.

இடம் மாற்றுவது என்றால், அவர் பேபாவாக உள்ளே நிற்க வேண்டும். நான் எவரிஸ்தோவாக வெளியே. அந்தப் பெரிய உடம்பு என் இடத்துக்கு வந்து காலை அகட்டி, கையை நிலையில் ஊன்றியது. பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"அங்கேயே நின்னு சொல்லு," என்றார் எவரிஸ்தோ.

வெளியே நின்று அந்த வார்த்தையைக் கேட்பது அதுதான் எனக்கு முதல் தடவை. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரொட்டிப் பொட்டலத்தோடு நின்ற ஃபபியானின் முகம் வந்தது. அப்போது எவரிஸ்தோவின் குரல் மாறியது.

"பெர்லா, முழங்கால் நடுங்குது."

"யார் முழங்கால்?"

"என்... பேபாவோடது. இப்படி நின்னா நடுங்குது. கைய எடுத்தா விழுந்துடுவேன்."

"கைய எடுக்காதீங்க. பேபா, ஏன் நடுங்குது? தம்பிகிட்ட சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் எவரிஸ்தோ இல்லை. "நீ உள்ள வந்து உக்காந்தா நான் செத்தேன்டா," என்றார், மெதுவாக. "நீ கேட்டு நான் எப்ப இல்லேன்னு சொன்னேன். அம்மாவோட தையல் மெஷின் போச்சு, தோட்டம் போச்சு, எல்லாம் உன் கடைக்குப் போச்சு. இந்த ஒரு வீடுதான் பாக்கி. வாசல்ல நிறுத்தினாத்தான் எனக்கு வாய் வருது. உள்ள விட்டா ஒனக்கு சோத்தப் போட்டு, நீ கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடுவேன்." பிறகு தன் குரலிலேயே, "ஐயோ," என்றார்.

ஒரு வாரமாக நான் யாரை இரும்பு மனுஷி என்று கொண்டாடினேனோ, அவள் என்னைப் போலவே ஒரு தலையாட்டி. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதெல்லாம் விழாமல் இருக்கத்தான். ஏமாற்றமாகவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

"எவரிஸ்தோ," என்று பெர்லா என்னைக் கூப்பிட்டாள், "அக்கா கேக்கறா. என்ன வேணும்னு வந்த?"

நான் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. "ஒண்ணும் வேணாம்க்கா. சும்மா உன்னப் பாக்க வந்தேன்."

எவரிஸ்தோவின் கை நிலையிலிருந்து மெல்ல இறங்கியது. "சும்மாதான்," என்றார் என்னிடம், தலையை ஆட்டிக்கொண்டே. "சும்மா பாக்கத்தான் போனேன் அன்னைக்கு. அதச் சொல்ல எனக்குத் தோணல. கோவிச்சுட்டு வந்துட்டேன்." அப்புறம் அவர் அழுத அழுகையில் கீழே சக்கரச் செருப்புச் சத்தம்கூட நின்றுவிட்டது.

கழற்றும் நேரம் வந்தது. தோளை உரித்தேன். கையை உரித்தேன். இடுப்புக்கு வந்ததும் என் கை அங்கேயே நின்றுவிட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம," என்றேன். "என்னை வெறுங்கையோட அனுப்பறீங்க."

"நான் வேணா வந்து கதவுல நிக்கட்டா?" என்றாள் யானினா. "ஒங்க புள்ள பல்ல ஒரு தட்டு தட்டறேன்."

பெர்லா என் அருகில் வந்தாள். "இன்னொரு வேடம் தரட்டுமா நேலிதா? கேட்டா தருவேன்."

தரச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. எவரிஸ்தோவைப் பார்த்தேன். அந்த மனிதர் வீங்கிய கண்ணோடு, பள்ளி வாசலில் குழந்தையை அழைத்துப்போக வந்த தகப்பன் போல நின்றுகொண்டிருந்தார். நான் கால் வரை உரித்து உதறினேன். "நான் பேபா இல்லை. நான் நேலிதா."

"ஆமா. நீங்க நேலிதா," என்றார். "ரொம்ப நன்றி."

சொன்னதுதான் தாமதம், என் வலது கால் ஆட ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை காலை ஃபபியான் என்னை அழைத்துப்போக வந்தான். காரைத் தெருவில் இரண்டாவது வரிசையில் நிறுத்தியிருந்தான். வழி அடைபட்ட கார்களின் ஹாரன் சத்தம் மாடி வரை கேட்டது. நான் கதவைத் திறந்து விலகி வழிவிட்டேன். அவன் சந்தேகத்தோடு உள்ளே வந்து, என் கன்னத்தில் முத்தமிட்டான். நல்ல சட்டை போட்டிருந்தான்.

"கெளம்பலாமா? நண்பன் அங்க வந்துட்டான்."

"உக்காரு. காபி கலந்துட்டேன்."

"நேரமாகுதும்மா."

"உக்காருடா."

உட்கார்ந்தான். எதிரே நானும் உட்கார்ந்தேன். மேசைக்கடியில் என் இரண்டு கால்களும் குதித்தன; கோப்பையில் காபி வளையம் வளையமாக அலைந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். எவ்வளவு நரைத்துவிட்டது என் பிள்ளைக்கு. அவன் கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அந்த நிமிடமும் எனக்கு இருந்தது. பேபா சொன்னது எவ்வளவு உண்மை.

"ஃபபியான், நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

குரல் கிறீச்சென்று வந்தது. பேபாவின் குரல்போல அடியிலிருந்து வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வேறு கொட்டியது.

"என்னம்மா வெளையாடறியா? போன வாரம் வரைக்கும் சரின்னியே."

"பார்க்கலாம்னேன்."

"அது சரிதானே?"

"சரிதான். இப்ப இல்ல. நான் இந்த வீட்ட விட்டு வர மாட்டேன். உன் மேல கோவம் இல்ல. ஒனக்குக் குடுக்க மனசில்லாமலும் இல்ல. எனக்கு இங்கதான் இருக்கணும்."

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். "எந்தப் பைத்தியம் ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தது? அந்தத் தரையில உருள்ற கும்பலா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. நானே சொல்றேன். பாரு, எப்படி நடுங்குதுன்னு."

கீழே ஹாரன் விடாமல் அலறியது. அவன் எழுந்து பால்கனிக்குப் போய்த் தெருவைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான். திரும்பி வந்தான். முகம் சிறுபிள்ளைபோல ஆகியிருந்தது. "நான் அவன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்மா. இப்ப என்ன சொல்றது?"

"அம்மா மாட்டேன்னுட்டான்னு சொல்லு."

"நீ இங்க தனியா விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? அத யோசிச்சியா?"

"யோசிச்சேன். ஒனக்குத்தான் தெரியும். ஒன்கிட்டதான் சாவி இருக்கே."

அவன் கால்சட்டைப் பையில் கை விட்டான். வளையத்திலிருந்து என் வீட்டுச் சாவியை மட்டும் நகத்தால் நெம்பிக் கழற்ற அவனுக்கு வெகுநேரம் ஆனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேசை மேல் வைத்தான். முத்தமிடாமல் போனான். கதவு சாத்திக்கொண்டது. மின்தூக்கி வரும் சத்தம் கேட்டது, அதன் கதவு திறக்கும் சத்தமும் கேட்டது. நான் எழுந்து ஓடவில்லை. "வாப்பா, பார்க்கலாம்" என்று கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் வந்திருப்பான். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மணி அடித்தது. திறந்தேன். என் மகன் என்னைப் பார்க்காமல் உள்ளே வந்து, மேசையிலிருந்த சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, படி வழியாகவே இறங்கிப் போனான்.